வரிப்பொத்தகம் முதல் கடவுச்சொல் வரை: யார் பார்க்கலாம், யார் எழுதலாம்?

ஒரு கல்லூரியில் மதிப்பெண்களைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர் தம் மதிப்பெண்ணைப் பார்க்கலாம். பக்கத்து இருக்கைக்காரரின் மதிப்பெண்ணைப் பார்க்க முடியாது. ஆசிரியர் தம் பாடத்திற்கு மட்டும் மதிப்பெண் இடலாம். துறைத் தலைவர் ஒப்புதல் தரலாம். ஆனால் தாமே எண்ணை மாற்ற முடியாது. அலுவலக ஊழியர் சான்றிதழை அச்சிடலாம், அவ்வளவுதான். இப்படி ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு பதிவுக்கும், ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே அனுமதி வகுப்பதைத்தான் கணினித் துறையில் நுண்ணிய அனுமதி மேலாண்மை என்கிறார்கள்.

இது கணினி வந்த பிறகு தோன்றிய சிக்கல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எங்கெல்லாம் ஒரு முக்கியமான கணக்குப் புத்தகம் இருந்ததோ, அங்கெல்லாம் இந்தக் கேள்வியும் இருந்தது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட புத்தகம் எது? நிலக் கணக்குதான். அதிலும் காவிரிப் படுகையின் நிலக் கணக்கு. ஒரு வேலி நஞ்சை யார் பெயரில் இருக்கிறது, அதன் நெல் யாருக்குப் போக வேண்டும் என்பதை ஒரு வரி எழுத்து தீர்மானித்தது. அந்த வரியை யார் எழுதலாம், யார் திருத்தலாம் என்பதற்குத் தஞ்சாவூர்ப் பகுதியில் ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது.

ஆனைமங்கலத்தின் கதை

கி.பி. 1005-06. முதலாம் இராசராச சோழனின் 21-ஆம் ஆட்சியாண்டு. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுக்க இராசராசன் முடிவு செய்தான். ஊரின் பரப்பு 97 வேலிக்குச் சற்று மேல். அதன் வரி வருவாய் ஆண்டுக்கு 8943 கலம் நெல்லும் அதற்கு மேல் சில்லறையும். இந்தச் செய்திகள் லெய்டன் பெரிய செப்பேடுகளில் உள்ளன. டச்சுக்காரர்கள் வழியாக நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் ஏற்பட்ட பெயர் அது.

அரசனே கொடுக்கிறான். அவனைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? ஆணையிட்ட மறுநொடியே வேலை முடிந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. அந்த ஆணை கணக்கில் ஏறப் பல கைகளைத் தாண்ட வேண்டியிருந்தது.

ஆட்சியாண்டின் 92-ஆம் நாளில், தஞ்சாவூர் அரண்மனை மண்டபத்தில் இருந்தபோது அரசன் வாய்மொழியாக ஆணையிட்டான். இதற்குத் 'திருவாய்க்கேள்வி' என்று பெயர். அதைக் கேட்டு எழுதுவதற்கென்றே ஓலை எழுதுவோர் இருந்தனர். எழுதியது சரிதானா என்று பார்த்து ஒப்பமிட 'திருமந்திர ஓலை நாயகம்' என்ற மேலதிகாரிகள் இருந்தனர். ஆனைமங்கல ஆணையில் அப்படி ஒப்பமிட்டவர்களுள் கிருஷ்ணன் இராமன் என்ற மும்முடிச்சோழ பிரமராயரும் ஒருவர். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த சேனாபதியும் அவரே.

அதன்பின் ஓலை, வரித்துறைக்குப் போகும். சோழர் காலத்தில் அதன் பெயர் 'புரவுவரித் திணைக்களம்'. அந்தத் துறைக்குள்ளும் எல்லோரும் எல்லாமும் செய்துவிட முடியாது. கண்காணி, புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், வரிப்பொத்தகக் கணக்கு, முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை என்று பதவிகள் பிரிந்திருந்தன. வரிப்பொத்தகம் என்பது வரிப் பதிவேடு. வரியிலிடு என்பது அந்தப் பதிவேட்டில் ஏற்றும் வேலை. பதிவேட்டைக் காப்பவர் ஒருவர், அதில் ஏற்றுபவர் இன்னொருவர். இத்தனை பேரும் கூடியிருக்கும்போதுதான் பதிவு மாறும். மாறியபோது யார் யார் உடனிருந்தார்கள் என்று ஊர்ப் பெயரோடு ஆள் பெயரும் எழுதப்படும்.

அடுத்து ஓலை, ஊர் இருக்கும் நாட்டுக்குப் போகும். நாட்டார் எதிர்கொண்டு தொழுது, தலைமேல் வைத்து வாங்குவார்கள். பெண் யானையை ஊர் எல்லையைச் சுற்றி நடத்துவார்கள். எல்லையில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். பிறகு ஊரின் எல்லைகளையும் உரிமைகளையும் விவரிக்கும் அறையோலை எழுதப்படும். அதில் பலரும் கையெழுத்திடுவார்கள். யானை மேல் ஏறி எல்லையைக் காட்டியவரின் பெயரைக்கூடச் சோழர் செப்பேடுகள் விட்டுவிடவில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை

இந்த நடைமுறையை இன்றைய மென்பொருளாளர் ஒருவரிடம் சொன்னால் உடனே சில விஷயங்களை அடையாளம் கண்டுகொள்வார்.

ஒன்று, வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆணையிடுபவர், எழுதுபவர், சரிபார்ப்பவர், பதிவேட்டில் ஏற்றுபவர், தரையில் எல்லை காட்டுபவர் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். பொய்யான ஒரு பதிவு ஏற வேண்டுமானால் அத்தனை பேரும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டும்.

இரண்டு, அனுமதி பதவிக்கு உரியது. ஒருவர் போய் இன்னொருவர் வந்தாலும் வரியிலிடு வரியிலிடுதான்.

மூன்று, செய்தவரின் பெயர் பதிவோடு சேர்ந்தே நிற்கிறது. இன்று மென்பொருளில் 'லாக்' என்கிறோமே, அதுதான். தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அது விடை.

நான்கு, அரசனும் இந்த வழியில்தான் போக வேண்டியிருந்தது. அவனுக்கு ஆணையிடும் அதிகாரம் இருந்தது. ஆனாலும் பதிவேட்டில் எழுத்தை ஏற்றும் வேலை அதற்கென்று இருந்த கையின் வழியாகவே நடந்தது.

ஏன் இவ்வளவு கவனம்? கணக்கு அவ்வளவு நுணுக்கமாக இருந்தது. இராசராசன் காலத்தில் நிலம் அளக்கப்பட்டபோது வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, கீழ்முந்திரிக்கும் கீழே போனார்கள். ஒரு வேலியில் 5242,88,00,000-இல் ஒரு பங்கு வரை பெரிய கோயில் கல்வெட்டுகளில் பின்னமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6⅔ ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பங்கு ஒரு நெல்மணி விழும் இடத்தைவிடச் சிறியது. இவ்வளவு சிறிய பின்னத்தை எழுதி வைக்கிறவர்கள், அதை எழுதும் உரிமையை வருகிறவர் போகிறவர் கையில் விட்டுவைப்பார்களா?

பெரிய கோயிலின் நகைக் கணக்கும் அப்படியே. ஒவ்வொரு நகையும் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, அதில் எத்தனை முத்து, எத்தனை மணி என்பதுவரை கல்லில் வெட்டப்பட்டது. ஓலையில் இருப்பதைத் திருத்திவிடலாம். கோயில் சுவரில் இருப்பதை யாருக்கும் தெரியாமல் திருத்துவது கடினம். படிக்கத் தெரிந்த எவரும் பார்க்கலாம், எவரும் மாற்ற முடியாது என்ற நிலையைக் கல் தந்தது. கோயில் பண்டாரத்தைக் காக்க ஊர்ச் சபைகள் ஆள் அனுப்ப வேண்டும் என்றும், அவர்கள் நிலமோ உறவோ முதலோ உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றும் இன்னொரு கல்வெட்டு கூறுகிறது. பணம் குறைந்தால் பிடித்துக் கேட்க ஆள் வேண்டும் அல்லவா?

அனுமதிக்கும் ஆயுள் உண்டு

தஞ்சையிலிருந்து வடக்கே, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் உத்திரமேரூரில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். பொதுவாக அவற்றைத் தேர்தலுக்குச் சான்றாகத்தான் சொல்வார்கள். அனுமதி மேலாண்மை என்ற கண்ணோடு பார்த்தால் வேறு சில செய்திகள் தெரிகின்றன.

அங்கே ஏரிக்கு ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னுக்குப் பொன் வாரியம் என்று பொறுப்புகள் தனித்தனி. ஏரி வாரியத்தார் பொன்னை உரசிப் பார்க்கப் போவதில்லை. பதவிக் காலம் 360 நாள். அதன்பின் அனுமதி தானாகவே முடிந்துவிடும். ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் இடக் கூடாது.

இன்றும் நிறுவனங்களில் நடக்கும் பெரிய தவறுகளில் ஒன்று, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடாமல் விட்டுவிடுவது. ஆள் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும்; அவருடைய கடவுச்சொல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். உத்திரமேரூர்ச் சபையார் அந்தக் கதவை 360-ஆம் நாளே சாத்திவிட்டார்கள்.

அப்பன் எழுத்து மகனுக்கு

நல்ல ஏற்பாடு எப்போதும் நிலைத்து நிற்பதில்லை. காலப்போக்கில் கிராமக் கணக்கு எழுதும் வேலை பரம்பரைச் சொத்தாக மாறியது. 1799-இல் தஞ்சாவூரின் நிர்வாகம் கும்பினியார் கைக்குப் போனது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் ஊருக்குள் முன்சீப்பும், கர்ணம் எனப்படும் கணக்குப்பிள்ளையும், அவர்களுக்குக் கீழே தலையாரி, வெட்டியான் போன்ற ஊழியர்களும் இருந்தனர். இந்தப் பதவிகள் வாரிசு முறையில் வருவதை 1895-ஆம் ஆண்டின் சென்னை பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் எழுத்தில் உறுதி செய்தது.

இப்போது பாருங்கள், என்ன ஆகிவிட்டது? அனுமதி பதவிக்கு உரியதாக இருந்தது போய், குடும்பத்துக்கு உரியதாகிவிட்டது. கணக்கைக் காப்பவரும் அவரே, எழுதுபவரும் அவரே, ஊரில் நிலம் உள்ளவரும் பல இடங்களில் அவரே. அடங்கலில் யார் பயிர் செய்கிறார் என்று எழுதும் பேனா ஒரே வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. மேலே தாசில்தாரும் ஜமாபந்தியும் இருந்தாலும், ஆண்டில் ஒருமுறை வரும் தணிக்கைக்கும் நாள்தோறும் எழுதும் கைக்கும் வித்தியாசம் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் இது மாறியது. வம்சாவளி அடிப்படையில் கிராமப் பதவி தருவது அரசியல் சட்டத்தின் சமத்துவத்துக்கு முரணானது என்று ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளையே ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வு மூலம் வரும், இடமாற்றத்துக்கு உட்பட்ட கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இதை எதிர்த்த வழக்கிலும் 1982-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. மென்பொருள் மொழியில் சொன்னால், ஆளோடு ஒட்டியிருந்த அனுமதியைப் பிய்த்தெடுத்து மறுபடியும் பதவியோடு ஒட்டிய வேலை அது.

கணினிகள் கற்றுக்கொண்ட பாடம்

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் கணினியாளர்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு உருவானது. ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது. 1966-இல் ஒரு குழப்பத்தால் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பும் அன்றைய வரவேற்புச் செய்தியும் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் எல்லோருடைய கடவுச்சொல்லும் முனையத்தில் தெரிந்தது! வாசலில் ஒரு பூட்டு மட்டும் போதாது, உள்ளே ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு வேண்டும் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

பிறகு வந்த யூனிக்ஸ், ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று வகையினரையும், படித்தல், எழுதுதல், இயக்குதல் என்று மூன்று செயல்களையும் வைத்தது. 1971-இல் பட்லர் லாம்ப்சன் இதை ஒரு கட்டமாக விளக்கினார். ஒவ்வொரு வரிசையும் ஒரு பயனர். ஒவ்வொரு பத்தியும் ஒரு பொருள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அவர் அதை என்ன செய்யலாம் என்ற குறிப்பு. 1975-இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் சில விதிகளைத் தொகுத்தார்கள். வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும் கொடு. முக்கியமானதற்கு இரண்டு சாவி வை. அனுமதி உண்டு என்று எழுதப்படாவிட்டால் இல்லை என்றே கொள்.

1987-இல் கிளார்க், வில்சன் என்ற இருவர் சொன்னது நம் கதைக்கு மிக நெருக்கமானது. இராணுவத்துக்கு இரகசியம் முக்கியம். யார் படிக்கலாம் என்பதே அங்கே கேள்வி. ஆனால் வணிகத்துக்கும் கணக்குக்கும் பதிவு கெடாமல் இருப்பதே முக்கியம். யார் மாற்றலாம் என்பதே கேள்வி. எனவே வகுக்கப்பட்ட வழியில் மட்டுமே பதிவு மாற வேண்டும், ஒரே ஆள் எல்லாப் படிகளையும் செய்யக் கூடாது என்றார்கள். கணக்கர்கள் காலங்காலமாகச் செய்து வந்ததைத்தான் கணினிக்குச் சொன்னார்கள். 1992-இல் பெராயிலோவும் குனும் அனுமதியை ஆளுக்குத் தராமல் 'ரோல்' எனும் பதவிக்குத் தரும் முறையை வரையறுத்தார்கள். 2004-இல் அது அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஆனது.

புரவுவரித் திணைக்களத்தை இவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஒரே நோய்க்கு இரண்டு ஊர் வைத்தியர்கள் ஒரே மருந்தைக் கண்டுபிடிப்பதுண்டு.

தமிழ்நிலம்

தமிழ்நாட்டின் நிலக் கணக்குகள் இப்போது 'தமிழ்நிலம்' என்ற மென்பொருளில் உள்ளன. பட்டா, சிட்டா விவரத்தை இணையத்தில் பார்க்கலாம். பார்ப்பதற்கு ஊழியர் தயவு வேண்டியதில்லை. ஆனால் மாற்றுவதற்குப் படிகள் உண்டு. விண்ணப்பம் வந்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். அவரே பட்டாவை மாற்றிவிட முடியாது. உட்பிரிவு செய்ய வேண்டுமானால் நில அளவர் அளந்து தர வேண்டும். ஆணையிடும் அதிகாரம் வட்டாட்சியர் நிலையில் இருக்கிறது. அவர் முடிவு தவறு என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகவும் 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டம் வழி செய்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. எந்த மென்பொருளிலும் அனுமதியை எவ்வளவு நுணுக்கமாக வகுத்தாலும், ஓர் அதிகாரி வேலைப் பளுவில் தம் கடவுச்சொல்லை உதவியாளரிடம் சொல்லிவிட்டால் எல்லாம் வீண். பதிவில் அதிகாரியின் பெயர் இருக்கும், விசைப்பலகையில் வேறு கை இருக்கும். படிகள் அதிகமானால் தாமதமும் அதிகமாகும். தாமதம் அதிகமானால் குறுக்கு வழி தேடுவார்கள். ஆகவே எத்தனை பூட்டு என்பதைவிட எந்தக் கதவுக்குப் பூட்டு என்பதே முக்கியம்.

கட்டத்தில் வரிசையே இல்லாதவர்கள்

லாம்ப்சன் சொன்ன கட்டத்துக்கு மீண்டும் வருவோம். அந்தக் கட்டத்தில் ஒருவருக்கு வரிசையே இல்லை என்றால்?

ஆனைமங்கலச் செப்பேட்டில் அரசன் பெயர் உண்டு, ஓலை நாயகத்தின் பெயர் உண்டு, எல்லை காட்டியவர்களும் உண்டு. 8943 கலம் நெல்லை விளைவித்தவர்களின் பெயர் இல்லை. பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களைக் கழிக்கும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரியும் வருகின்றன. அவர்கள் வாழ்ந்த இடம் பின்னம் தவறாமல் அளக்கப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கில் அவர்கள் ஆட்களாக வரவில்லை, பரப்பளவாக வந்தார்கள். எழுதும் அனுமதி மட்டும் இல்லை என்பதல்ல. 'என் பெயரையும் எழுதுங்கள்' என்று கேட்கும் இடமும் அந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு இல்லை.

இதன் விளைவு இருபதாம் நூற்றாண்டு வரை நீண்டது. தஞ்சை மாவட்டத்தில் பெருநிலக்காரர்களிடம் குத்தகைக்குப் பயிர் செய்தவர்கள் ஏராளம். 1952-இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியேற்றத்துக்குத் தடை வந்தது. ஆனால் நீதிமன்றத்தில் 'நான்தான் இந்த நிலத்தின் குத்தகைக்காரன்' என்று எப்படி நிரூபிப்பது? வாய்வார்த்தைக் குத்தகைக்குக் காகிதம் ஏது? எழுதப்படாவிட்டால் இல்லை என்ற விதி பதிவேட்டைக் காக்கும். பதிவேட்டில் இல்லாதவரைக் காக்காது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1969-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். குத்தகைக்காரர்களுக்கென்று தனிப் பதிவேடு. அதற்கென்று தனி அலுவலர். நிலக்காரர், குத்தகைக்காரர் இரு தரப்பையும் விசாரித்தே பதிவு. பட்டியலில் விடுபட்டவர் தாமே மனுக் கொடுக்கலாம். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. பதிவேட்டில் எழுதும் அதிகாரம் உழுபவருக்குத் தரப்படவில்லை, தரவும் கூடாது. ஆனால் எழுதும்படி கேட்கும் உரிமையும், ஏன் எழுதவில்லை என்று கேட்கும் உரிமையும் சட்டப்படி கிடைத்தன.

மென்பொருள் எழுதப் போகும் மாணவர்களுக்கு இங்கேதான் விஷயம் இருக்கிறது. அனுமதி என்றதும் பார்த்தல், எழுதுதல், அழித்தல் என்ற மூன்றையே பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்: கேட்டல், முறையிடல். ரேஷன் அட்டையானாலும், மருத்துவமனைப் பதிவானாலும், வாக்காளர் பட்டியலானாலும், அந்த மென்பொருளால் பிழைப்பே மாறப் போகிறவர் பெரும்பாலும் அதன் பயனர் பட்டியலில் இருக்க மாட்டார். அவருக்குக் கடவுச்சொல் இருக்காது. அவர் வந்து கேட்பதற்கு ஒரு சாளரமும், கேட்டதற்கு ஒரு எண்ணும், பதில் சொன்னவரின் பெயரும் இருக்கிறதா என்று பார்ப்பது அதை வடிவமைப்பவரின் வேலை.

சோழ அதிகாரிகள் ஒரு நெல்மணி இடத்தையும் விடாமல் அளந்தார்கள். அளந்ததை யாரும் கள்ளத்தனமாக மாற்றாதபடி காத்தார்கள். அந்த நிலத்தில் இறங்கி நடவு நட்டவரின் பெயர் ஒரு பதிவேட்டில் உரிமையோடு ஏற, அதன்பின் ஏறத்தாழ 960 ஆண்டுகள் ஆயின.